கை நனையாத மந்திரிசபை

1

இந்த வாரம் பாரிஸில் மறுபடியும் மந்திரிசபை கவிழ்ந்துவிட்டது. நீங்கள் இதை அரியலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ உட்கார்ந்து படிக்கிறபோது புதிதாக ஒன்று எழும்பியிருக்கும். தபால் கொஞ்சம் தாமதித்தால் அதுவும் விழுந்திருக்கும். ஆகவே மந்திரிகளின் பெயர்களை எழுதி உங்களைச் சிரமப்படுத்தப் போவதில்லை. அவர்கள் பெயரை மனப்பாடம் செய்வதும், பஸ்ஸுக்கு எதிரே வருகிற மாடுகளுக்குப் பெயர் வைப்பதும் ஒன்றுதான்.

காலையில் ரொட்டி வாங்கப் போனபோது கடைக்காரரிடம், "சர்க்கார் போய்விட்டதாமே?" என்று விசாரித்தேன். துக்க வீட்டில் கேட்கிற குரலில்தான் கேட்டேன். "ஆமாம், போய்விட்டது. உங்களுக்கு நன்றாக வெந்தது வேண்டுமா, இளசா?" என்றார் அவர். கேட்டது ரொட்டியைப் பற்றி. வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. நம் ஊரில் ஒரு பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டு விழுந்தாலே இரண்டு மண்டை உடையும், ஒரு கல்யாணம் நிற்கும். இங்கே ஒரு தேசத்தின் சர்க்கார் விழுந்ததற்கு ஒரு ரொட்டிகூடக் கீழே விழவில்லை.

ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் பெயர் சூசை. சொந்த ஊர் ஆண்டிமடத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவே முந்திரித் தோப்புகளுக்குள் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே நடந்ததை எழுதப் போகிறேன். நாளைக்கு நான் திரும்பி வந்து நடமாட வேண்டியிருக்கலாம். யுத்தத்துக்கு முன்பு புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு நீதிபதி வீட்டில் சமையற்காரனாக இருந்தேன். அவர் ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பியபோது, ரசம் இல்லாமல் தனக்குச் செரிக்காது என்று என்னையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான் நானும் ஏறினேன். என் மகள் செலின் அப்போது தொட்டிலில் கிடந்தாள். பிறகு யுத்தம் வந்தது. கப்பல் நின்றது, தபால் நின்றது, கடைசியில் நீதிபதியின் மூச்சும் நின்றது.

யுத்தம் முடிந்ததும் பார்லிமெண்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். காப்பி என்பது மரியாதைக்குச் சொல்வது. அப்போதெல்லாம் நாங்கள் ஊற்றியது வறுத்த பார்லித் தண்ணீர். கடை ஒரு விதவை அம்மாளுடையது. மந்திரிசபை நன்றாக நடக்கிற காலத்தில் அந்த அம்மாள் முகம் வாடிக் கிடக்கும். கவிழப் போகிறது என்ற பேச்சு வந்தால் போதும், மெம்பர்கள் நாலு நாலு பேராக வந்து மூலை மேசைகளில் உட்கார்ந்து கிசுகிசுப்பார்கள், ஊற்றி மாளாது. சர்க்கார் விழுகிற வாரம் எங்களுக்குத் திருவிழா வாரம்.

எனக்கு அப்போது இருந்தது ஒரே ஆசை. என் மனைவி ஆரோக்கியத்தையும் செலினையும் இங்கே வரவழைக்க வேண்டும். நீயே திரும்பிப் போயிருக்கலாமே என்பீர்கள். நண்டு வறுவலுக்கு வெண்ணெய்க் குழம்பு வைக்கத் தெரிந்தவனுக்கு ஆண்டிமடத்தில் என்ன வேலை கிடைக்கும், நீங்களே சொல்லுங்கள்.

செலின் எனக்குக் கடிதம் எழுதுவாள். "மகா கனம் பொருந்திய தகப்பனார் அவர்கள் சமூகத்துக்கு" என்று தொடங்கி, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்" என்று முடிப்பாள். பள்ளிக்கூடத்தில் தாசில்தாருக்கு மனு எழுதக் கற்றுக் கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. பார்த்தறியாத மனுஷனுக்கு வேறு எப்படித்தான் எழுதுவாள்? நானும் பதிலுக்கு நலம், நலமறிய ஆவல் என்று எழுதி மூடுவேன். ஒவ்வொரு தடவையும் வலித்தது.

2

அவர்கள் வருவதற்கு இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று பிரெஞ்சு சர்க்கார். மற்றது எங்கள் ஊர் பஞ்சாயத்து போர்டு. இரண்டில் எது பெரிது என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமில்லை.

நான் கப்பலேறியதிலிருந்து ஆரோக்கியமும் குழந்தையும் அவள் அண்ணன் சவரிமுத்து வீட்டில்தான் இருந்தார்கள். எனக்கு மச்சான். தெற்குத் தெருவின் பெரிய தலைக்கட்டு. வடக்குத் தெருவுக்குப் பெரிய தலைக்கட்டு என் சொந்த அண்ணன் அந்தோணி. ஊருக்குப் புதுக் கிணறு வெட்ட உத்தரவு வந்தது. அதை எந்தத் தெருவில் வெட்டுவது என்பதில் இருவரும் பகையானார்கள். போர்டில் ஒன்பது மெம்பர்கள். நாலு பேர் அண்ணன் பக்கம், நாலு பேர் மச்சான் பக்கம். ஒன்பதாவது ஆள் ராயப்பன்.

முந்திரிக்கொட்டை வியாபாரம் செய்கிற ராயப்பனுக்குக் கட்சி கிடையாது, பசி மட்டும் உண்டு. அவன் சாய்கிற பக்கத்தார் பிரசிடெண்டு. அவனைச் சாய்க்க ஒரே வழி நம் ஊர் வழி: வீட்டுக்கு அழைத்து இலை போட்டுக் கை நனைக்க வைப்பது.

இதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டணத்துப் பிள்ளைகள் யாராவது படித்தால் தெரிந்துகொள்ளட்டும். நம் பக்கத்தில் ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டால் அவருக்கு எதிராக நிற்கக் கூடாது. பகையாளி வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டோம். ராசியானால் முதலில் சாப்பாடு, அப்புறம்தான் பேச்சு. முத்திரைத்தாளில் எழுதியதை மீறுகிறவன் உண்டு. கை நனைத்த வீட்டுக்குத் துரோகம் செய்தவனுக்கு ஊரில் பெண் கிடைக்காது.

ராயப்பன் என் அண்ணன் வீட்டில் ஆட்டுக்கறிச் சோறு சாப்பிட்டான். அண்ணன் பிரசிடெண்டு ஆனார். வடக்குத் தெருவில் முழ ஆழம் தோண்டியிருப்பார்கள், நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ராயப்பன் எதிராகக் கை தூக்கினான். ஊரே திகைத்துவிட்டது. கோவில் பங்குச் சாமியார் பங்களாவில் கூட்டம் கூடி அவனை நிற்க வைத்துக் கேட்டார்கள். அவன் சொன்ன பதிலை ஆரோக்கியம் கடிதத்தில் அப்படியே எழுதியிருந்தாள்.

"எங்கையி எங்கங்க நனஞ்சுது? நான் கரண்டியாலல்ல சாப்புட்டேன். கரண்டிதான் நனஞ்சுது. வேணும்னா அந்தக் கரண்டியக் கூப்புட்டு ஓட்டுப் போடச் சொல்லுங்க."

உண்மைதான். சாமியார் வீட்டுச் சமையற்காரனிடம் கெஞ்சி ஒரு கரண்டி வாங்கி மடியில் செருகிக்கொண்டு போயிருக்கிறான். விருந்தில் எல்லோரும் அதைக் கண்டு, ராயப்பனுக்கு நாகரிகம் முற்றிவிட்டது என்று சிரித்திருக்கிறார்கள். பிறகு அதே கரண்டியோடு மச்சான் வீட்டுக்கும் போனான். மச்சான் பிரசிடெண்டு ஆனார். தெற்குத் தெருவில் முழ ஆழம் தோண்டினார்கள். அவரும் விழுந்தார். ஊரில் இப்போது இரண்டு பள்ளம் இருந்தது, தண்ணீர் இல்லை. ராயப்பன் கன்னத்தில் மட்டும் சதை போட்டிருந்தது.

இந்தச் சண்டையில் நான் எங்கே வந்தேன் என்று கேட்பீர்கள். "தங்கச்சியையும் புள்ளையையும் அனுப்பி வையுங்க" என்று நான் எழுதும்போதெல்லாம் மச்சானிடமிருந்து ஒரே பதில்தான். "வடக்குத் தெருக்காரன் வூட்டுக்கு இப்ப எந்தங்கச்சிய அனுப்புனா, தெக்குத் தெரு தோத்துப்போச்சுன்னு சொல்லுவானுவ." என் வீடு இருப்பது பாரிஸில். அது வடக்குத் தெருவின் தொடர்ச்சி என்று மச்சான் அளந்து வைத்திருந்தார்.

கடைசியில் இருவருக்கும் அலுத்தது. ஆண்டிமடம் சந்தையில் மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தாராம். "ஏன் மச்சான், மாத்தி மாத்தி இவனுக்குக் கறி ஆக்கிப் போட்டே ரெண்டு பேரும் தோப்ப வித்துடுவோம் போலருக்கே."

அண்ணன், "ஆமாங்கறேன்" என்றாராம்.

இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். முதலில் மச்சான் பிரசிடெண்டு, பிறகு அண்ணன். கிணறு இரண்டு தெருவுக்கும் பொதுவாகக் கோவில் வாசலில். ராயப்பனுக்கு ஒன்றுமில்லை. இதோடு என் அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார்: "எந்தம்பி பொண்டாட்டி புள்ளைய நீங்க அனுப்பி வுடணும். பத்து வருசமா தனியாக் கெடக்குறான்." மச்சான் ஒப்புக்கொண்டார். எட்டு மெம்பர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, வெறுங்கையால் சாப்பிட்டார்கள். கரண்டி இருக்கிறதா என்று வாசலில் ஒருவன் மடியைத் தடவிப் பார்த்தே உள்ளே விட்டானாம்.

என் குடும்பம் ஒரு கூட்டு மந்திரிசபை ஒப்பந்தத்தில் மூன்றாவது ஷரத்து ஆனது இப்படித்தான்.

3

இது நடந்தது போன வருஷம் கோடையில். இனி இங்கே அனுமதி வாங்க வேண்டியிருந்தது. மனு கொடுத்தாயிற்று; ஒரு மந்திரியின் கையெழுத்து மட்டும் பாக்கி. காரியாலயத்தில் என் மனுவைக் கவனித்தவர் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர். மேசையில் ஒரு சின்னத் தொட்டியில் செடி வளர்த்தார்.

போன வருஷக் கோடை எப்படிப்பட்டது என்று இங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நன்றாக நின்றுகொண்டிருந்த மந்திரிசபை ஜூலையில் விழுந்தது. அந்த மந்திரிக்கு என் மனு போயிருந்தது, திரும்பி வந்தது. புதியவர் வந்தார். மறுபடி கீழேயிருந்து மேலே போனது.

"எப்போது கையெழுத்தாகும்?" என்று கேட்டேன்.

"மந்திரி இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தவறான கையெழுத்துப் போட்டால் எதிர்க்கட்சிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்று பயப்படுகிறார். பொறுங்கள்" என்றார் பெரியவர்.

"என்னால் பொறுக்க முடியாது. என் மனைவி ஊரில் சர்க்கார் எந்த நேரமும் கவிழ்ந்துவிடும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம்தானே ஆகிறது, அதற்குள்ளாகவா என்று பதறினார். நான் பஞ்சாயத்து போர்டைப் பற்றியும், ஒன்பது மெம்பர்களைப் பற்றியும், இரண்டு பள்ளங்களைப் பற்றியும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். ராயப்பன் கதைக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கள் பார்லிமெண்டில் இந்த ராயப்பனைப் போல நாற்பது பேர் இருக்கிறார்கள்" என்றார்.

என் நிலைமை என்னவென்று உங்களுக்குப் புரிகிறதா? பாரிஸில் ஒரு கூட்டு மந்திரிசபை நிற்க வேண்டும். முந்திரித் தோப்புக்குள் ஒரு கூட்டு போர்டும் அதே சமயத்தில் நிற்க வேண்டும். இங்கே விழுந்தால் அனுமதி இல்லை. அங்கே விழுந்தால் ஆள் இல்லை. காலையில் பத்திரிகையைப் பிரிக்கும் முன் சிலுவை போட்டுக்கொள்வேன். மத்தியானத் தபாலைப் பிரிக்கும் முன் மறுபடி போட்டுக்கொள்வேன். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். மாதா ஒரு சர்க்காரைத் தாங்குவாள். இரண்டைத் தாங்கச் சொல்வது அநியாயம் என்று எனக்கே தோன்றியது.

4

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. புத்தி என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

எங்கள் கடைக்கு ஒரு பார்லிமெண்டு மெம்பர் தவறாமல் வருவார். மிகச் சின்னக் கட்சி. ஆனால் அந்தக் கையளவு ஆட்கள் இல்லாமல் எந்த மந்திரிசபையும் நிற்க முடியாது, விழவும் முடியாது. நான் அவருக்கு மனசுக்குள் ராயப்பன் என்று பெயர் வைத்திருந்தேன். மந்திரிக்கு நெருக்கமானவர் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தேன். இந்தியச் சாப்பாடு என்றதும் உடனே சம்மதித்தார்.

பாரிஸில் எனக்கிருந்த ஒரே நம்ம ஊர் மனுஷர் காதர் ராவுத்தர். வாலிகண்டபுரத்துக்காரர், கப்பலில் வேலை பார்த்து, மார்சேய் துறைமுகத்தில் இறங்கி, இங்கே சந்தையில் துணி விற்கிறார். ரொட்டிக்கே ரேஷன் இருந்த நாட்கள். ராவுத்தர் எங்கிருந்தோ ஒரு ஆட்டுத் தொடையும், துறைமுகத்து மாலுமிகளிடமிருந்து அரிசியும் கொண்டுவந்து சேர்த்தார். எப்படி என்று நான் கேட்கவில்லை. விருந்தன்று பரிமாறவும் கூட நின்றார்.

மெம்பர் வந்தார், சாப்பிட்டார். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கதையைக் கேட்டுக் கண் கலங்கினார். "நாளைக்கே மந்திரியிடம் சொல்கிறேன். ஒரு தகப்பனின் கண்ணீர்!" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று நிம்மதியாகத் தூங்கினேன். நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டார், இனி நம் ஆள் என்று இந்தப் பாழும் மனசு தீர்மானம் செய்துவிட்டது. நம் ஊர்க்காரன் ஒருவனைத் தவிர வேறு எவனுக்கும் இந்த நம்பிக்கை வராது.

அந்த வாரமே மந்திரிசபை கவிழ்ந்தது. கவிழ்த்தவர்களில் எங்கள் விருந்தாளியும் ஒருவர்.

அதைவிட மோசம், மறுநாள் மத்தியானம் அவர் எங்கள் கடைக்கு வந்தார். கூடவே தோளில் கை போட்டுக்கொண்டு வந்தவர் அவர் கவிழ்த்த அதே மந்திரி. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே தட்டு ஆம்லெட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் தட்டை வைக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"ஐயா, எங்கள் வீட்டில் சாப்பிட்டீர்களே" என்றேன்.

"மறக்க முடியுமா! அந்த ஆட்டுக்கறி! மறுபடி எப்போது கூப்பிடுகிறீர்கள்?" என்றார்.

சாயங்காலம் ராவுத்தரிடம் போய்ப் புலம்பினேன். அவர் துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நீ கவனிக்கலியா சூசை? அவன் முள்ளுக் கரண்டியால குத்திக் குத்தித் தின்னான். கை எங்க நனஞ்சுது?"

எனக்குச் சுரீர் என்றது. ஆமாம். இந்த தேசத்தில் யாருக்குமே கை நனைவதில்லை. மெம்பர், மந்திரி, பிரதம மந்திரி எல்லோரும் முள்ளும் கரண்டியுமாகத்தான் சாப்பிடுகிறார்கள். ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய் ஒருவரையொருவர் கவிழ்க்கிறார்கள். கவிழ்த்துவிட்டு வந்து மறுபடி சாப்பிடுகிறார்கள். இங்கே மந்திரிசபைகள் ஏன் நிற்பதில்லை என்று பத்திரிகைகளில் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கட்சிகள் அதிகம் என்கிறார்கள், சட்டத்தில் ஓட்டை என்கிறார்கள். காரணம் கரண்டி. பதவிப் பிரமாணம் எடுக்கும் நாளில் எல்லா மந்திரிகளுக்கும் ஒரு இலை போட்டு, சோறும் ரசமும் ஊற்றி, கையால் பிசைந்து சாப்பிடச் சொல்லட்டும். மந்திரிசபை தேர்தல் வரைக்கும் அசையாது. இந்த யோசனையைச் சாம்பல் கோட்டுப் பெரியவரிடம் சொன்னேன். மேலிடத்துக்கு அனுப்ப உரிய படிவம் இல்லை என்று வருத்தப்பட்டார்.

"உன் நசீபு எப்புடின்னு பாப்போம்" என்று அன்று பேச்சை முடித்தார் ராவுத்தர். "ஆண்டவன் எவன் கையில எழுதி வச்சுருக்கானோ."

5

அடுத்து ஒரு மந்திரிசபை வந்தது. அதை மந்திரிசபை என்று சொல்வதே பாவம். நாற்காலி சூடாவதற்குள் விழுந்துவிட்டது. எனக்கு நம்பிக்கை அற்றுப்போயிற்று. ஊரிலிருந்தும் நல்ல செய்தி இல்லை. கோவில் வாசல் கிணற்றுக்கு யார் பெயரைப் பொறிப்பது என்று கூட்டுக்குள் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டதாம்.

அந்தச் சமயத்தில் காரியாலயத்திலிருந்து வரச் சொல்லி ஆள் வந்தது. போனேன். பெரியவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மேசையில் என் காகிதம். அதில் கையெழுத்து.

"யார் போட்டது?" என்றேன்.

"விழுந்தவர்."

"விழுந்த பிறகா?"

"விழுந்த பிறகுதான் போடுவார்கள். நாற்காலியில் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் பயம். போன பிறகு, புதியவர் வருகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது பயம் கிடையாது. எதை வைத்தாலும் கையெழுத்தாகும். நான் இந்த ஒரு சமயத்துக்காகத்தான் உங்கள் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன்."

சர்க்கார் நிற்க வேண்டும், நிற்க வேண்டும் என்று நான் மாதாவிடம் மன்றாடியதெல்லாம் தப்பான மனு. நல்லவேளை, அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. என் குடும்பத்தை எனக்குக் கொடுத்தது ஒரு கவிழ்ப்பு. பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் மிகவும் சங்கடப்பட்டு, செடியில் ஒரு இலையைக் கிள்ளி என்னிடம் கொடுத்தார். எதற்கு என்று இதுவரை தெரியவில்லை.

6

புதுச்சேரிக் கன்னியாஸ்திரிகள் இருவர் துணையோடு அவர்கள் கப்பலில் வந்தார்கள். மார்சேயில் போய் இறக்கினேன். ஆரோக்கியம் என்னைப் பார்த்ததும், "என்னங்க இப்புடி எளச்சுப் போயிட்டீங்க, சமையக்காரன்னு சொன்னா எவனாச்சும் நம்புவானா?" என்றாள். பத்து வருஷத்துப் பிரிவு அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்துபோயிற்று.

செலின் அம்மா முந்தானைக்குப் பின்னால் நின்றாள். "தோத்திரம்" என்று கை கூப்பினாள், பிஷப்புக்குச் சொல்வதைப் போல.

பாரிஸ் வீட்டில் முதல் சாப்பாடு நானே சமைத்தேன். சோறு, பருப்பு, ரசம், ஊரிலிருந்து வந்த வடகம். ஆரோக்கியம் உட்கார்ந்ததும் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். செலின் பாவாடை மடிப்பிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தாள்.

அந்தக் கரண்டிக்கு அர்த்தம் இந்தப் பட்டணத்தில் நம் ஊர்க்காரர்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

"ஏம்மா, கையால சாப்புடலாமே" என்றேன்.

"மாமா சொல்லிருக்காருங்க" என்றாள் தட்டைப் பார்த்தபடி. "கூட்டு நெலச்சா கடுதாசி போடுறேன், அப்ப கை நனச்சுக்க, அதுவரைக்கும் கரண்டியால சாப்புடுன்னாரு. கை நனச்சுட்டா அப்புறம் ஊருக்குத் திரும்பி வர முடியாதாங்க."

ஆரோக்கியம் என்னிடம் தனியாகச் சொன்னாள். "எங்கண்ணன் மேல கோவப்படாதீங்க. தூக்கி வளத்த மனுசன். கப்பல்ல அனுப்புறப்ப ரோட்டுல நின்னு அழுதாரு. அவரு கட்சி வேற, பாசம் வேறன்னு பிரிக்கத் தெரியாத ஆளு."

கோபப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் யோசித்துப் பார்த்தால் மச்சான் இடத்தில் நானிருந்தாலும் ஒரு கதவைத் திறந்து வைக்கவே பார்த்திருப்பேன்.

அவர்கள் வந்து சில மாதங்களில் ஊரில் கூட்டு உடைந்தது. கிணற்றில் தண்ணீர் வந்த அன்றே உடைந்ததாம், பெயர் பொறிக்கிற தகராறில். மச்சானிடமிருந்து செலினுக்குக் கடிதம் வரவில்லை. கரண்டி தொடர்ந்தது.

இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். கிளி மாதிரி பிரெஞ்சு பேச ஆரம்பித்தாள். ரொட்டிக் கடையில் நான் பேசும்போது பின்னால் நின்று என் உச்சரிப்புக்காகத் தலை குனிகிறாள். ஒருநாள் கடைக்காரரிடம் என் தலைவலியைப் பற்றிச் சொல்லப்போய், என் குதிரைக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேனாம். குதிரை நலமா என்று அவர் இன்னும் விசாரிக்கிறார். அக்கம்பக்கத்து அம்மாமார்கள் செலின் கரண்டி பிடிக்கிற நேர்த்தியைப் பார்த்து, "எவ்வளவு சீக்கிரம் எங்கள் பெண்ணாகிவிட்டாள்!" என்று மெச்சுவார்கள். வெளிநாட்டுக்கு வந்த பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று நீங்கள் பத்திரிகையில் படிப்பீர்கள். என் மகள் பிரெஞ்சுக்காரி ஆகிக் கரண்டி பிடிக்கவில்லை. தெற்குத் தெருக்காரியாகவே இருப்பதற்காகப் பிடித்தாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒவ்வொரு வேளையும் என் எதிரே ஒரு நடுநிலை மெம்பர் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். "வாங்க", "போங்க", "சரிங்க" என்பாள். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்கவும் மாட்டாள்.

7

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். இங்கே மந்திரிசபை விழுந்த அன்று கடையில் நல்ல கூட்டம். கால் ஓய்ந்து வீட்டுக்கு வந்தால் ஊரிலிருந்து அண்ணன் எழுதிய தபால் வந்திருந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் ஆரோக்கியம் உரக்கப் படித்தாள்.

ஊரில் புதுப் பிரசிடெண்டு. யார் தெரியுமா? ராயப்பன். அண்ணனுக்கு மச்சான் வரக் கூடாது, மச்சானுக்கு அண்ணன் வரக் கூடாது. கடைசியில் மச்சானும் அவர் பக்கத்து ஆட்களும் ராயப்பனை ஆதரித்துவிட்டார்கள். கிணற்றில் அவன் பெயரைப் பொறித்தாயிற்று. ராயப்பன் ஊருக்கே விருந்து வைத்தான். மச்சான் அவன் வீட்டில் உட்கார்ந்து வெறுங்கையால் சாப்பிட்டாராம்.

ஆரோக்கியம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். செலின் சிரிக்கவில்லை. கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"மாமா ராயப்பன் வூட்டுல கை நனச்சுட்டாரா?"

"அப்புடித்தான் போட்டுருக்கு" என்றாள் ஆரோக்கியம்.

"எனக்கு ஒரு வார்த்த எழுதலியே."

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. நான் ஜெயித்துவிட்டேன், எதிரணித் தலைவர் தானாகவே விழுந்துவிட்டார். சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை.

"மாமா ஒன்ன மறக்கலம்மா. அரசியல்ல ஆயிரம் இருக்கும். இன்னிக்கு விழுவாங்க, நாளைக்கு எந்திரிப்பாங்க. காலையில இங்க சர்க்கார் விழுந்துச்சு, ரொட்டிக் கடை தொறந்துதானே இருந்துச்சு? மாமா அந்த ரொட்டிக் கடை மாதிரி. எப்பவும் இருப்பாரு."

சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"இங்க எனக்குப் புடிக்கலன்னா ஊருக்கு அனுப்புவீங்களா?"

ஆரோக்கியம் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"அனுப்புறேன்."

"கை நனச்சாலுமா?"

நம் ஊரில் எவனும் எவனுக்கும் கொடுக்காத வாக்கு அது. கை நனைத்தவன் கட்டுப்பட்டவன். பாட்டன் பூட்டன் காலத்துச் சட்டம். நான் ஒரு பிரெஞ்சு மெம்பரை வாய்க்கு வந்தபடி திட்டியதே அந்தச் சட்டத்தை நம்பித்தான்.

"கை நனச்சாலும்" என்றேன். "எப்ப வேணும்னாலும் போவலாம். எப்ப வேணும்னாலும் வரலாம்."

அவள் கரண்டியை எடுத்தாள். மறுபடி கரண்டிதானா என்று நினைத்தேன். அதை அம்மா பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, அஞ்சு விரலையும் சோற்றில் வைத்துக் குழி பறித்தாள். பழக்கம் விட்டுப்போயிருந்தது, பருக்கை மேசையெல்லாம் சிதறியது.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ரசம் ஊத்துப்பா."

ஊற்றினேன். பாதி அவள் சோற்றில் விழுந்தது, மீதி மேசை விரிப்பில். காப்பிக் கடையில் இத்தனை வருஷம் ஊற்றுகிறவனுக்கு ஒரு ரசம் ஊற்றத் தெரியவில்லையே என்று ஆரோக்கியம் திட்டினாள்.